யாழ் நகரின் பற்றை வளவுகளும் ஓடாத வாகனங்களும்

யாழ்ப்பாணம் பார்க்கப் போகிறவர்கள் நல்லூர்க் கோயிலைப் பார்ப்பார்கள், கோட்டையைப் பார்ப்பார்கள், நூலகத்தின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். நான் 2024 ஒக்டோபரில் கிளிநொச்சியிலிருந்து போய் நான்கு நாட்கள் நின்று பார்த்தவை வேறு. ஆளில்லாத வளவுகளையும், கறள் பிடித்து நிற்கும் வாகனங்களையும், அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பெண்களையும் பார்த்து வந்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று சகோதரிகள் கேட்கலாம். எங்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு வளவோ ஒரு வாகனமோ இருக்கிறது. சிலருக்கு அது சொந்தம். சிலருக்கு அது பக்கத்து வேலிக்கு அப்பால் இருந்து நுளம்பும் பாம்பும் அனுப்பும் தொல்லை. இரண்டு பேரும் அறிய வேண்டிய விடயங்கள் சில அங்கே எனக்குக் கிடைத்தன.

பஸ் நிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கமாக நடந்தால் யாழ் நகரத்தின் இரண்டு முகங்களையும் ஒரே வீதியில் காணலாம். மூன்று மாடி எழுப்பிக் கண்ணாடி பூட்டிய கடை. அதன் மதிலோடு ஒட்டினாற் போல் கூரையில்லாத ஒரு கல்வீடு. வீட்டின் விறாந்தையைப் பிளந்துகொண்டு வேம்பு வளர்ந்து நிற்கிறது. கேற்றில் சங்கிலியும் பூட்டும் இருக்கின்றன. கேற்றைத் தாங்கிய தூண்தான் இல்லை. உள்ளே எருக்கலை, ஆமணக்கு, பாத்தீனியம். அதற்குள் எங்கோ ஒரு கட்டில்லாக் கிணறு.

வளவுக்கு வளவு கதை வேறு

வெளியூர் ஆட்கள் பார்த்தால் எல்லாம் ஒரே பற்றைதான். அந்த ஊர்ச் சனத்துக்கோ ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கதை தெரியும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததை எம்மில் பலர் மறக்க மாட்டோம். 1996 இல் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். ஒரு பகுதியினர் வன்னிக்குப் போனார்கள். இன்னும் பலர் கொழும்புக்கும் கடல் கடந்தும் போனார்கள். தாய் தகப்பன் இறந்துபோக, பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். காணி பங்கு பிரிக்கப்படவில்லை. ஒருவர் விற்கலாம் என்றால் மற்றவர் வேண்டாம் என்கிறார். இதற்கிடையில் பற்றை வளர்கிறது.

வாகனங்களின் கதையும் அப்படியே. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில இன்னும் கொட்டில்களில் நிற்கின்றன. ஒரு பொலிஸ் நிலையத்தின் பக்கச் சுவரோடு விபத்துக்குள்ளான மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் வரிசையாய்க் கிடந்தன. வழக்குப் பொருட்கள் அவை. வழக்கு முடியும் வரை அங்கேயே மழையில் நிற்கும். கராஜ்களின் முன்னால் திருத்தக் கொடுத்தவர் திரும்பி வராத வான்கள்.

எங்கள் நாட்டில் வாகனத்தை ஒருவரும் இலேசில் எறிவதில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருடத்தில் ஓடாத வாகனத்தின் கதவுக்கும் கியர்ப்பெட்டிக்கும் கூட விலை ஏறிற்று. ஆகவே வீதியோரத்தில் கறள் பிடித்து நிற்பது கைவிடப்பட்டது என்று நாங்கள் முடிவெடுத்துவிட முடியாது. அதற்கு ஓர் உரிமையாளர் இருப்பார். அவர் எங்கே என்பதுதான் கேள்வி.

சோனகர் தெருவில்

இரண்டாம் நாள் காலை சோனகர் தெருப் பக்கம் நடந்தேன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகளின் உத்தரவின் பேரில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி பணிக்கப்பட்ட இடம் இது. உடுத்த உடையோடும் கையில் கொஞ்சப் பணத்தோடும் போனார்கள். பலர் புத்தளத்தில் முகாம்களில் இருபது வருடம் இருந்தார்கள். எங்கள் இடப்பெயர்வும் அவர்களுடைய வெளியேற்றமும் ஐந்து வருட இடைவெளியில் ஒரே திகதியில் வந்தவை என்பது அந்தத் தெருவில் நடக்கும்போது நெஞ்சில் தைத்தது.

சில வீடுகள் திருத்தப்பட்டு ஆட்கள் இருக்கிறார்கள். கடைகள் திறந்திருக்கின்றன. இடையிடையே யன்னலும் நிலையும் பிடுங்கப்பட்ட வெறும் சுவர்கள். ஒரு வாசலில் நின்ற வயதான உம்மா என்னைக் கூப்பிட்டு இருத்தித் தேநீர் தந்தா. 2010 இல் புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவ.

“வந்து பாக்கேக்க வீடு எது, பத்தை எது எண்டு தெரியல்ல மகள். மதில்ல இருந்த அரை வட்டக் கல்லை வச்சுத்தான் இது எங்கட எண்டு கண்டுபிடிச்சன். இப்ப ஆக்கள் சொல்லினம், இந்தப் பக்கம் துப்புரவில்லை எண்டு. துப்புரவாக்க வேண்டியவங்க புத்தளத்தில வாடகை வீட்டில இருக்காங்க. அவங்களும் மனுசர்தானே.”

உம்மா செய்திருந்த வேலை ஒன்று எனக்குப் பிடித்தது. பக்கத்தில் தன் தங்கையின் வளவு ஆளில்லாமல் கிடக்கிறது. எல்லை நீளத்துக்கு முருங்கைத் தடி நாட்டி வைத்திருக்கிறா. வருடம் இரண்டு முறை ஆள் பிடித்துப் பற்றை வெட்டுவிக்கிறா. கூலிப் பற்றுச்சீட்டுகளைத் தங்கையின் பெயரில் எழுதுவித்து உறுதியின் பிரதியோடு ஒரு பைக்குள் வைத்திருக்கிறா. வேறு ஒருவர் வந்து இது நான் ஆண்ட காணி என்று சொல்லாதிருக்க இது உதவும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக ஒருவர் பத்து வருடம் இடையறாமல் ஒரு தனியார் காணியை ஆண்டால் அதை உரிமை கோரலாம். போரினால் ஊரைவிட்டுப் போனவர்கள் இதனால் காணி இழக்கக் கூடாது என்பதற்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது இடம் தந்தது. ஆனால் வழக்குப் போடுவதற்கு இரண்டு வருட அவகாசமே கொடுக்கப்பட்டது. 2009 இற்குப் பின்னர் போன வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே தூரத்தில் காணி வைத்திருக்கும் சகோதரிகள் வருடத்தில் ஒரு தடவையாவது போய்ப் பற்றையை வெட்டி, அதற்கு ஓர் எழுத்து வைத்திருங்கள். சுகாதாரத்துக்கும் நல்லது, உரிமைக்கும் நல்லது.

மச்சாள் வீட்டு வான்

நான் தங்கியது கொட்டடிப் பக்கம், என் அண்ணாவின் மனைவி வீட்டில். முற்றத்தில் பலா மரத்தின் கீழ் ஒரு ஹைஏஸ் வான் நிற்கிறது. 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் கியரில் பழுது வந்ததால் அண்ணா அதை நிறுத்திவிட்டு, வன்னியிலிருந்த அம்மாவைப் பார்க்க பஸ்ஸில் வந்தவர். ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை மூடப்பட்டது. மச்சாள் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில், அண்ணா எங்களோடு வன்னியில். நான் அண்ணாவைக் கடைசியாகக் கண்டது 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில்.

2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு கடுமையாகப் பரவியபோது என் மருமகளும் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதன் பிறகு வீடு வீடாக வந்த சுகாதாரப் பரிசோதகர் வானைச் சுற்றிப் பார்த்தார். கூரையின் பள்ளத்திலும், பின்பக்கத்தில் கிடந்த உதிரி ரயருக்குள்ளும் தண்ணீர். புழு நெளிந்தது. எச்சரித்துவிட்டுப் போனவர், ஒக்டோபரில் மழைக்கு முன் திரும்பி வந்து ஏழு நாள் அறிவித்தல் கொடுத்தார். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி இடத்தின் சொந்தக்காரரோ அதில் இருப்பவரோ பொறுப்பு. வழக்குக்குப் போனால் தண்டப்பணம்.

அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2017 இல் மட்டும் இலங்கையில் 1,86,000 இற்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 400 இற்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டெங்கு நுளம்பு சிரட்டையளவு தண்ணீரிலும் முட்டையிடும். முட்டை புழுவாகி நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை ரயரின் உட்பக்கத்தில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

பழைய இரும்புக்காரர் ஒருவர் அன்றைக்கே வந்து விலை கேட்டார். மச்சாள் கதவைச் சாத்திவிட்டா. இரவு சொன்னா: “வித்தால் காசு வரும், நுளம்பும் போகும். ஆனா அவர் வந்து என்ர வான் எங்கையெண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? நீர் சொல்லும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது அண்ணாவின் வான்.

விற்க நினைத்தாலும் அது இலேசான காரியம் அல்ல. பதிவு அவர் பெயரில். கைமாற்ற அவருடைய கையெழுத்து வேண்டும். பத்திரமில்லாமல் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டால், பதிவு மட்டும் அவர் பெயரில் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்த நாள் தெரிந்த கராஜ்காரத் தம்பி ஒருவரைக் கூப்பிட்டோம். வானை விற்காமலும் நுளம்பை வளர்க்காமலும் வைத்திருக்க அவர் வழி சொன்னார். ஜக்கி வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் இருத்தினார். ரயர்களைக் கழற்றிக் கழுவிக் காயவிட்டு வானுக்குள்ளேயே அடுக்கினோம். தண்ணீர் தேங்கும் இடங்களில் தரைத் தகட்டில் துளை போட்டார். பழைய பற்றரியைக் கழற்றினார். எஞ்சின் ஒயிலை நிலத்தில் விடாமல் கானில் இறக்கினார். யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். கடைசியில் மேலே நான்கு தகரம் சரிவாகப் போட்டு, தண்ணீர் வழிந்தோட விட்டோம்.

செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் மருமகள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நான்கு பக்கமும் படம் எடுத்தாள். வாகனம் பாவனையில் இல்லை என்பதை எப்படி எழுதிக் கொடுப்பது என்று பிரதேச செயலகத்தில் வாகன வரிப்பத்திரம் கொடுக்கும் கிளையில் கேட்டு வந்தோம்.

வேலிக்கு அப்பால்

வானைச் சரிப்படுத்தி என்ன, மேற்கு வேலிக்கு அப்பால் நான்கு பரப்பு பற்றை. சொந்தக்காரர் வெளிநாட்டில். டெங்கு நுளம்புக்கு வேலி தெரியாது.

கோபத்தில் சிலர் செய்வது நெருப்பு வைப்பது. அதைச் செய்யவே கூடாது. போர் நடந்த இடத்தில் பற்றைக்குள் வெடிக்காத செல் ஒன்று கிடக்குமா என்று யாருக்கும் தெரியாது. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் கண்ணையும் இழந்தவர்களை வன்னியில் நாங்கள் கண்டிருக்கிறோம். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், இடத்துக்கு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்ல வேண்டும். 119 எந்த நேரமும் எடுக்கலாம்.

மச்சாள் ஒழுங்கான வழியில் போனா. முதலில் கிராம அலுவலரிடம் கேட்டு, அந்தக் காணியைப் பார்க்க யாருக்காவது அற்றோணித் தத்துவம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்தா. சொந்தக்காரரின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் மூலம் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அந்த அம்மா மறுபக்கத்தில் அழுதா என்று மச்சாள் சொன்னா. முப்பது வருடமாய் அந்த வீட்டுக்கு யாரும் அவவைத் தேடி எடுக்கவில்லையாம். பற்றை வெட்ட சம்மதம் என்று எழுதி அனுப்பினா. கூலிக்குப் பணமும் அனுப்பினா.

சொந்தக்காரர் கிடைக்காவிட்டால் மாநகர சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைக்க வேண்டும். வீதியோரக் காணி பற்றை மண்டிச் சனத்தின் சுகத்துக்குக் கேடாய் இருந்தால், அதில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொந்தக்காரர் குற்றவாளி என்று 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. சட்டம் பழையது, கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அயலட்டைப் பெண்கள் ஏழு பேரும் இரண்டு கூலியாட்களும் இறங்கினோம். நீண்ட தடியால் தட்டித் தட்டி, வெட்டிக்கொண்டு உள்ளே போனோம். பாத்தீனியத்தைக் கையுறை போட்டு, பூக்காதவற்றை வேரோடு பிடுங்கினோம். வெறுங்கை பட்டால் சொறியும், இழுப்பும் வரும். பாழ் கிணற்றில் மீன் விட்டு, வாயில் கம்பி வலை போட்டோம். தேங்காய், விறகு, கிடந்த கதவு நிலை இரண்டு எல்லாவற்றையும் எண்ணி எழுதிப் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினோம். ஓர் ஈர்க்கில் கூட எங்கள் பக்கம் வரவில்லை. எங்கள் வீடுகளில் ஓடும் கதவும் போன கதையை நாங்கள் அறியாதவர்களா?

கையெழுத்து என்னும் பூட்டு

மச்சாளுக்கு இன்னுமொரு பற்றை வளவு இருக்கிறது. சீதனக் காணி, இரண்டு பரப்பு. மகளின் படிப்புக்கு அதை விற்கலாம் என்று யோசித்தா. நொத்தாரிசு கணவரின் கையெழுத்துக் கேட்டார். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியானாலும் கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படி. ஆனால் அதே சட்டம், கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்றும் சொல்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவில் வசதி குறைந்தவர்கள் உதவி கேட்கலாம்.

காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்காக 2016 இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு அது வழி செய்தது. மச்சாள் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தா.

“கோட்டில போய் அவர் எங்கையெண்டு தெரியாது எண்டு சொல்லோணும், என்ன? அது உண்மைதானே. செத்தவர் எண்டு சொல்லச் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை மச்சாள். தெரியாது எண்டு மட்டும்தான்.”

“அப்ப போகலாம்” என்றா.

நாலாம் நாள் விசாரிக்கவென்று கச்சேரிப் பக்கம் போனோம். பழைய பூங்காவுக்கு அருகில் பழைய கச்சேரிக் கட்டடம் செல் பட்ட சுவர்களோடு இன்னும் நிற்கிறது. திரும்பும் வழியில் புகையிரத நிலையம். 1990 ஜூனில் ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய், கட்டடம் கூரையின்றிப் பற்றை மூடிக் கிடந்ததை மச்சாள் கண்டவ. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி அங்கே திரும்ப ரயில் வந்தது. இருபத்து நான்கு வருடம் கிடந்த இடம்தான். அதன் வரைபடமும் எல்லையும் உரிமையும் அழியாமல் இருந்தபடியால் திரும்பக் கட்ட முடிந்தது.

பற்றையை வெட்டுவதும் பத்திரத்தைக் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்றே எனக்குப் படுகிறது. துப்புரவு என்ற பெயரில் ஒருவருடைய உடைமை அள்ளிக்கொண்டு போகப்படக் கூடாது. உடைமை என்ற பெயரில் அயலவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவும் கூடாது.

நவம்பர் மழை முடிந்த பிறகு மச்சாள் தொலைபேசி எடுத்தா. சுகாதாரப் பரிசோதகர் வந்து வானுக்குக் கீழே குனிந்து பார்த்து, ரயர்களைத் தட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிப் போனாராம். சட்டத்தரணி கேட்ட பத்திரங்களில் இரண்டு இன்னும் எடுக்க வேண்டுமாம். வானின் முன் ஆசனத்தில் கோழி ஒன்று அடைகிடக்கிறதாம். கலைக்க மனமில்லை என்றா.